சிறையில் இருந்த நகரசபைத் தலைவர்

1941-ம் ஆண்டு. விருதுநகர் நகரசபைக்குப் புதிய தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் அவருடைய நாற்காலி காலியாகவே கிடந்தது!

காரணம், தலைவர் வேலூர் சிறையில் இருந்தார்.

அவர்தான் காமராஜர்.

அவர் முதல்-மந்திரியாக இருந்தது எல்லோருக்கும் தெரியும். சொந்த ஊர் கொடுத்த பதவியை அவர் என்ன செய்தார் என்பது பலருக்குத் தெரியாது.

பிடி அரிசிப் பள்ளிக்கூடம்

காமராஜர் 1903-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி பிறந்தார். அப்போது ஊரின் பெயர் விருதுபட்டி. தந்தை குமாரசாமி, தேங்காய் வியாபாரி. தாயார் சிவகாமி அம்மாள். நாகம்மாள் என்று ஒரு தங்கை.

காமராஜருக்கு 6 வயதானபோது தந்தை இறந்துவிட்டார். தாயார்தான் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார்.

சிறுவன் படித்தது சத்திரிய வித்தியாசாலை. வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து, ஊரார் நடத்திய பள்ளிக்கூடம் அது. ஊர்ப் பொதுக்காரியம் எப்படி நடக்கும் என்பதற்கு அதுவே முதல் பாடம்.

படிப்பு சீக்கிரமே நின்றது. மாமாவின் ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். துணி அளந்த நேரம் போக, பத்திரிகை படித்தார், கூட்டங்களுக்குப் போனார்.

1919-ல் ஜாலியன்வாலாபாக்கில் நடந்த படுகொலை அவரை உலுக்கியது. காங்கிரசில் சேர்ந்தார். 1930-ல் வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார். 1937-ல் சாத்தூர் தொகுதியில் போட்டியின்றிச் சட்டசபைக்குத் தேர்வானார். 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் ஆனார்.

அந்த ஆண்டு டிசம்பரில், காந்தியடிகளைக் காண வார்தாவுக்குப் போகும் வழியில், குண்டூரில் கைது செய்யப்பட்டார். வேலூர் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே இருந்தபோதுதான் விருதுநகர் அவரை நகரசபைத் தலைவர் ஆக்கியது.

வந்ததும் ராஜினாமா

1941 நவம்பரில் காமராஜர் விடுதலையானார். ஊர் மகிழ்ந்தது. நாற்காலி அவருக்காகக் காத்திருந்தது.

அவரோ பதவியை ராஜினாமா செய்துவிட்டார்!

கோபம் இல்லை. சண்டையும் இல்லை. ஒரு பதவியை ஏற்றால் அதன் வேலையை முழுதாகச் செய்ய வேண்டும். முடியாதவர் அதை வைத்திருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. நாட்டு விடுதலை வேலை அவரை எந்த நேரத்திலும் சிறைக்கு அழைக்கும். ஊரின் குடிதண்ணீரையும் தெரு விளக்கையும் யார் கவனிப்பது?

அவர் நினைத்தது சரியாகவே இருந்தது. 1942 ஆகஸ்டில் மறுபடியும் சிறை சென்றார். வெளியே வந்தது 1945-ல். பதவியை வைத்திருந்தால், மூன்று ஆண்டு காலம் தலைவர் இல்லாமல் ஊர் தவித்திருக்கும்.

தெருக்குழாய்

1954-ல் காமராஜர் முதல்-மந்திரி ஆனார். மூடிய பள்ளிக்கூடங்களைத் திறந்தார். ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தந்தார். தாயார் விருதுநகரில் பழைய வீட்டிலேயே இருந்தார்.

அப்போது நடந்ததாக ஊரில் ஒரு செய்தி சொல்வார்கள். முதல்-மந்திரியின் தாயார் ஆயிற்றே என்று, அதிகாரிகள் அவர் வீட்டுக்குத் தனியாகத் தண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுத்தார்களாம். இதை அறிந்த காமராஜர், குழாயை எடுக்கச் சொல்லிவிட்டாராம். ஊர்ப் பெண்கள் குடத்தோடு தெருவில் நிற்கும்போது, தன் வீட்டுக்கு மட்டும் சலுகை எதற்கு என்பது அவர் எண்ணம்.

ஊர் கொடுத்த தோல்வி

சிறையில் இருந்தவரைத் தலைவர் ஆக்கிய அதே விருதுநகர், 1967 சட்டசபைத் தேர்தலில் அவரைத் தோற்கடித்தது. வென்றவர் மாணவர் தலைவர் சீனிவாசன். வித்தியாசம் 1,285 ஓட்டுகள்.

காமராஜர் மக்களைக் குறை சொல்லவில்லை. ஓட்டு அவர்களுடையது, தீர்ப்பும் அவர்களுடையது என்று ஏற்றுக்கொண்டார்.

1975 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி பிறந்த நாளில், காமராஜர் காலமானார். தனக்கென்று ஒரு வீடு வாங்காமலே போய்விட்டார். தாயார் வாழ்ந்த விருதுநகர் வீடு இன்று அவருடைய நினைவு இல்லம்.

விருதுநகரிலும், வேறு எந்த ஊரிலும், நகரசபைத் தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் வாசலுக்கு வருவார்கள். கும்பிடுவார்கள். அப்போது இரண்டு கேள்விகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு இவருக்கு நேரம் உண்டா? நம் தெருக்குழாயில் தண்ணீர் வருமுன் தன் வீட்டுக் குழாயைத் திறப்பவரா இவர்?

பதில் தெரிந்தபின் ஓட்டுப் போடுங்கள்.