திகிலை ஆண்ட ஹிட்ச்காக்

திகில் படம் பார்க்கச் செல்லும் ஜனங்கள் டிக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் நுழைவதில்லை. சில நிபந்தனைகளையும் மனத்தில் தாங்கியே நுழைகிறார்கள். நெஞ்சு படபடக்க வேண்டும். ஆனால் படபடப்பு சுகமாக முடிய வேண்டும். பிரபல நடிகர் கொலைகாரராயிருத்தல் கூடாது. குழந்தை சாகக் கூடாது. கதாநாயகி கடைசிவரை உயிரோடிருக்க வேண்டும். குற்றவாளி தப்பலாகாது. எழுதப்படாத இச்சட்டங்களை எவரினும் நன்கறிந்து, சுமார் ஐம்பது வருஷ காலம் அவற்றோடு மல்லாடியவர் ஆல்ப்ரெட் ஹிட்ச்காக். சினிமாவை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளிவிடும் நேயர்களும் அவருடைய சரித்திரத்தை அறிதல் நலம். இருட்டறையில் கூடிய ஆயிரம் பேரை ஒரே கணத்தில் மூச்சடக்கச் செய்யும் சக்தி சாமானிய சக்தியன்று.

1899-ம் வருஷம் ஆகஸ்டு 13-ந் தேதி, லண்டனை அடுத்த லேய்டன்ஸ்டோனில் அவர் பிறந்தார். தகப்பனார் காய்கறியும் கோழியும் விற்கும் கடைக்காரர். குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். சிறு பிராயத்தில் ஏதோ குறும்புக்காகத் தகப்பனார் தம் கையில் ஒரு சீட்டைக் கொடுத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பியதாகவும், அதைப் படித்த அதிகாரி தம்மைச் சில நிமிஷம் லாக்கப்பில் அடைத்ததாகவும் ஹிட்ச்காக் ஆயுள் முழுவதும் சொல்லி வந்தார். அது நடந்ததோ, கதை சொல்லியின் கற்பனையோ, போலீஸாரிடம் அவருக்கிருந்த அச்சம் மட்டும் மெய். செய்யாத குற்றத்துக்காகத் துரத்தப்படும் நிரபராதி அவர் படங்களில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கிறான். 1935-ல் வெளிவந்த ‘முப்பத்தொன்பது படிகள்’ இதற்குத் தலைசிறந்த உதாரணம்.

ஜெஸூட் பாதிரிமார் பள்ளியில் படித்தார். 1914-ல் தகப்பனார் இறந்தார். தந்திக் கம்பிகள் செய்யும் கம்பெனியொன்றில் அமர்ந்த வாலிபர், படம் வரையும் திறமையால் முன்னேறி, இஸ்லிங்டன் ஸ்டூடியோவில் மௌனப் படங்களுக்குத் தலைப்பு எழுதும் வேலையைப் பெற்றார். 1924-ல் ஜெர்மனி சென்று, மூர்நௌ என்னும் மேதை படம் பிடிக்கும் முறையை நேரில் கண்டார். வார்த்தை இல்லாமலே கதையை நடத்தும் வித்தை அங்கே அவருக்குப் பிடிபட்டது. 1926-ல் ஆல்மா ரெவில் என்ற பெண்மணியை மணந்தார். ஆல்மா அவரைவிட ஒரே நாள் இளையவர். எடிட்டிங் தொழிலிலோ அவருக்கு மூத்தவர். கணவரின் புகழில் இம்மாதுக்குரிய பங்கை உலகம் வெகுகாலம் உணரவில்லை.

எழுதாச் சட்டங்களில் முதலாவதை ‘தி லாட்ஜர்’ (1927) படத்தில் அவர் சந்தித்தார். மூடுபனி சூழ்ந்த லண்டனில் பொன்னிறக் கூந்தல் பெண்கள் கொலையாகிறார்கள். ஒரு வீட்டில் குடியேறிய அந்நியன்மீது சந்தேகம் விழுகிறது. அவன்தான் கொலையாளியோ என்ற கேள்வியை விடை கூறாமலே விட்டுவிட ஹிட்ச்காக் விரும்பினார். ஆனால் நடித்தவர் ஐவர் நோவெல்லோ. ஊரெல்லாம் போற்றும் அழகரைக் கொலைகாரராக ஜனங்கள் ஏற்பார்களா? ஏற்க மாட்டார்களென்று ஸ்டூடியோ தீர்மானித்தது, அந்நியன் நிரபராதியானான். பதினாலு வருஷங்களுக்குப் பின் அமெரிக்காவில் ‘சஸ்பிஷன்’ எடுத்தபோதும் இதே கதைதான். நாவலில் கணவன் மனைவியைக் கொல்கிறான். படத்தில் நடித்தவர் கேரி கிராண்ட் ஆகையால் அவன் நல்லவனாகிவிட்டான். அந்த முடிவு இன்று பார்க்கினும் ஒட்டுப்போட்டது போலவே தோன்றுகிறது.

இரண்டாவது சட்டத்தை அவரே மீறினார். 1936-ல் எடுத்த ‘ஸாபடாஜ்’ படத்தில், பொட்டலத்திலிருப்பது வெடிகுண்டென்று அறியாத சிறுவன் ஒருவன் லண்டன் வீதிகளில் அதைச் சுமந்து செல்கிறான். குண்டு வெடிக்கும் நேரம் நமக்குத் தெரியும், பையனுக்குத் தெரியாது. வழியில் ஊர்வலக் கூட்டம் மறிக்கிறது, வேடிக்கை பார்த்து நிற்கிறான், பஸ்ஸில் ஏறுகிறான், கடிகார முள் நகர்கிறது. கடைசி விநாடியில் தப்புவானென்றே பார்ப்போர் காத்திருந்தார்கள். குண்டு வெடித்தது, பையன் மாண்டான். ஜனங்கள் கோபித்தார்கள். அவ்வளவு நேரம் கவலைப்பட வைத்துவிட்டு அந்தக் கவலைக்கு விடுதலை தராதது தமது தவறென்று ஹிட்ச்காக் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். நம் அபிப்பிராயம் வேறு. வெடிகுண்டு நல்லவனென்றும் சிறுவனென்றும் பார்ப்பதில்லை. அந்தப் படம் அந்த ஓரிடத்தில்தான் உண்மையைப் பேசிற்று.

அவருடைய கொள்கை எளிது. மேஜைக்கடியில் குண்டிருப்பதைச் சொல்லாமல் திடீரென்று வெடிக்கச் செய்தால், பார்ப்போருக்குக் கிடைப்பது சில விநாடி அதிர்ச்சி. முன்பே காட்டிவிட்டு, மேஜையைச் சுற்றி அமர்ந்தவர்களைச் சாவதானமாகப் பேசவிட்டால், கால்மணி நேரத் தவிப்பு. இதனாலேயே ‘வெர்டிகோ’ (1958) படத்தில், மூல நாவல் இறுதிவரை மறைத்து வைத்த ரகசியத்தை அவர் முன்கூட்டியே சபையோருக்கு வெளியிட்டார். அக்காலத்தில் பெரிதாக வரவேற்கப்படாத அந்தப் படத்தை, 2012-ல் பிரிட்டிஷ் சினிமாப் பத்திரிகையொன்று விமர்சகர்களிடம் திரட்டிய வாக்கு உலகப் படங்களில் முதலாவதாக வைத்தது.

1939-ல் அவர் அமெரிக்கா சென்றார். 1940-ல் வந்த ‘ரெபெக்கா’ சிறந்த படத்துக்குரிய ஆஸ்கார் பரிசைப் பெற்றது; ஆனால் அங்கேயும் ஒரு சட்டம் காத்திருந்தது. நாவலில் கணவன் மனைவியைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தண்டனையின்றி வாழ்கிறான். ஹாலிவுட் படமுதலாளிகள் வகுத்துக்கொண்ட ஒழுக்க விதிகள் இதற்கு இடங்கொடா. ஆகவே படத்தில் அவள் விழுந்து அடிபட்டு இறக்கிறாள்! தாய்நாடு யுத்தத்தில் சிக்கியிருக்க இவர் கடல்கடந்து பணம் சம்பாதிக்கிறாரென்று இங்கிலாந்தில் சிலர் பழித்தார்கள். 1944-ல் அவர் லண்டன் வந்து, பிரெஞ்சு பாஷையில் இரு குறும்படங்கள் எடுத்துக் கொடுத்தார்.

1945-ல் அவர் செய்த காரியம் அவர் புகழைப் பேசுவோரால் அதிகம் கவனிக்கப்படவில்லை. நாஜிகளின் சித்திரவதை முகாம்களில் நேசநாட்டுச் சேனைகள் பிடித்த படச் சுருள்களை ஒரு சாட்சியப் படமாகத் தொகுக்க, ஸிட்னி பெர்ன்ஸ்டைன் என்ற நண்பர் அவர் ஆலோசனையை நாடினார். துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவதாலேயே பீதியைப் படைத்துப் பெயர் பெற்றவர், இங்கே கூடியவரை வெட்டாதீர்களென்று யோசனை கூறினார். காமிரா பிணங்களிலிருந்து பக்கத்தில் நிற்கும் ஊர்க்காரர் முகங்களுக்கு ஒரே ஓட்டமாகத் திரும்பட்டும். வெட்டினால் இது ஜோடனையென்று நாளை ஒருவன் சொல்லுவான். முகாம்களுக்கும் சாதாரண ஊர்களுக்கும் எவ்வளவு தூரமென்பதைத் தேசப்படத்தில் காட்டச் சொன்னதும் அவரே. பார்ப்பவன் எங்கே நம்புவான், எங்கே நம்ப மறுப்பான் என்ற அவரது ஞானம் இங்கே பொழுதுபோக்குக்கன்று, நியாயத்துக்குப் பயன்பட்டது. பிரிட்டிஷ் சர்க்கார் அந்தப் படத்தைக் கிடப்பில் போட்டது. 2014-ல்தான் அது முழுமையாக்கப்பட்டு வெளிவந்தது.

1960-ல் ‘சைக்கோ’. பாரமவுண்ட் கம்பெனி தயங்கவே, தம் சம்பளத்தை நிறுத்திவைத்துக்கொண்டு, லாபத்தில் பெரும்பங்குக்கு ஒப்பந்தம் பேசி, டெலிவிஷன் சிப்பந்திகளைக் கொண்டு கறுப்பு வெள்ளையில் சுமார் எட்டு லக்ஷம் டாலரில் முடித்தார். பிரபல நடிகை ஜானெட் லீ 40,000 டாலரைத் திருடிக்கொண்டு ஓடுகிறாள். அகப்படுவாளா, திருப்பிக் கொடுப்பாளா என்று சபை முழுவதும் அவள் பின்னே செல்கிறது. படம் பாதியை எட்டுமுன்னரே, ஸ்நான அறையில் அவள் குத்திக் கொல்லப்படுகிறாள். கதாநாயகியுமில்லை, பணத்தின் கதையுமில்லை. அக்காட்சிக்கு ஏழு நாள் படப்பிடிப்பு; இரத்தமாக ஓடியது சாக்லேட் பாகு. இசையே வேண்டாமென்றிருந்தவர், பெர்னார்ட் ஹெர்மன் அமைத்த வயலின் கீறலைக் கேட்டு மனம் மாறினார். படம் தொடங்கிய பின் ஒருவரையும் உள்ளே விடக்கூடாதென்று கொட்டகைக்காரர்களுக்குக் கண்டிப்பான உத்தரவு. நினைத்த நேரத்தில் நுழைந்து பழகிய அமெரிக்க ஜனங்கள் வாசலில் வரிசையில் நின்றார்கள். 1936-ல் கோபித்தவர்கள், இம்முறை அலறிக்கொண்டே மறுபடியும் டிக்கெட் வாங்கினார்கள்.

மற்றொரு பக்கத்தையும் மறைத்தல் நியாயமாகாது. ‘பறவைகள்’ (1963) படத்தில் நடித்த டிப்பி ஹெட்ரன்மீது நாட்கணக்கில் உயிருள்ள பறவைகள் வீசப்பட்டன. ஹிட்ச்காக் தம்மிடம் முறைகேடாக நடந்தாரென்றும், இணங்காததால் தம் தொழிலைக் கெடுத்தாரென்றும் அம்மாது 2016-ல் வெளியிட்ட சுயசரிதையில் எழுதினார். திரையிலே அச்சம் வேண்டியதற்காக, திரைக்கு முன் நின்ற பெண்ணுக்கு மெய்யான அச்சத்தைக் கொடுத்தது எந்தக் கலையின் பெயராலும் மன்னிக்கத்தக்கதன்று.

டைரக்டருக்குரிய ஆஸ்கார் பரிசுக்கு ஐந்து முறை பெயர் சென்றும் அவருக்குக் கிட்டவில்லை. 1968-ல் ஒரு கௌரவ விருதை மட்டும் தந்தார்கள். கடைசிப் படமான ‘பாமிலி பிளாட்’ 1976-ல் வந்தது. அதன் இறுதிக் காட்சியில் நாயகி நேராகச் சபையோரைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறாள். 1980 ஜனவரியில் ஸர் பட்டம் வந்தது. அவ்வருஷம் ஏப்ரல் 29-ந் தேதி, 80-வது வயதில், லாஸ் ஏஞ்சலிஸ் இல்லத்தில் காலமானார். அஸ்தி பசிபிக் சமுத்திரத்தில் தூவப்பட்டது.