சுவாமி விவேகானந்தரும் பிதுரார்ஜித வீடும்

1893ஆம் ஆண்டு பம்பாயிலிருந்து புறப்பட்டுச் சிகாகோ சர்வமத மகாசபைக்குச் சென்ற வழியில் சுவாமி விவேகானந்தரின் கப்பல் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நின்றது. நம் முன்னோர் வாழ்ந்த இம்மண்ணைக் கண்டு சென்ற அம்மகானின் வீரவுரைகளை அறியாதார் இலர். ஆயின், யாவற்றையும் துறந்த அவரை இறுதி நாள்வரை தொடர்ந்து வந்த ஒரு வீட்டு வழக்கைப் பற்றி அறிந்தவர் சிலரே.

வடகல்கத்தாவின் சிமுலியா பகுதியில், கௌர்மோகன் முகர்ஜி வீதியில் தத்தர் குடும்பத்தாரின் பெருமனை இருந்தது. 1863ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் நரேந்திரநாதராக அவர் அவதரித்தது அவ்வில்லத்திலேதான். பாட்டனார் துர்காபிரசாத் இளமையிலேயே மனைவியையும் பச்சிளங் குழந்தையையும் விட்டுத் துறவு பூண்டவர். அக்குழந்தையே தந்தையார் விசுவநாத தத்தர். தகப்பனற்று வளர்ந்த பிள்ளையின் சொத்துரிமை கூட்டுக் குடும்பத்தில் என்னவாகும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. துறவியின் வீட்டில் பின்தங்கியோர் படும் பாட்டை நரேந்திரர் தம் குடும்பக் கதையிலேயே கண்டிருந்தார்.

விசுவநாதர் கல்கத்தா உயர்நீதிமன்ற அட்டர்னி. பெரும்பொருள் ஈட்டினார், ஈட்டியதற்கு மேலும் வாரி வழங்கினார். 1884 பிப்ரவரியில் அவர் திடீரெனக் காலமானபோது எஞ்சியிருந்தது கடனே. நேற்றுவரை வண்டியும் வேலையாட்களுமாக விளங்கிய வீட்டில் அடுப்பெரிவதே அரிதாயிற்று. நரேந்திரர் வேலை தேடி வெறுங்காலுடன் அலைந்தார். குருநாதர் ஸ்ரீ ராமகிருஷ்ணர், வறுமை நீங்கக் காளியன்னையிடமே வேண்டுமாறு அவரைத் தட்சிணேசுவர ஆலயத்துக்கு அனுப்பியதும், மும்முறை சென்றும் பொருள் கேட்க நாவெழாது ஞானத்தையும் பக்தியையுமே கேட்டுத் திரும்பியதும் பக்தர்கள் நன்கறிந்த வரலாறு.

இவ்வேளையில்தான் வீட்டுத் தகராறு மூண்டது. அன்னையார் புவனேசுவரி தேவியார் பெயரில் வாங்கப்பட்டிருந்த வீட்டுப் பாகம் உண்மையில் தம் பணத்தில் பினாமியாக வாங்கியதே என்பது வழக்கறிஞரும் சிற்றப்பன் முறையினருமான தாரகநாதரின் வாதம். அவர் மறைந்தபின் அவர்தம் மனைவி ஞானதாசுந்தரி வழக்கைத் தொடுத்தார். புவனேசுவரி தேவியார் பிள்ளைகளுடன் ராம்தனு போஸ் சந்திலிருந்த தம் தாயார் வீட்டில் தங்க நேர்ந்தது.

1886 ஆகஸ்டில் குருநாதர் மகாசமாதி எய்தினார். இளஞ்சீடர்கள் வராகநகரில் இடிந்த வீடொன்றில் மடம் அமைத்து, 1887இன் தொடக்கத்தில் விரஜா ஹோமம் செய்து சந்நியாசம் ஏற்றனர். அவ்வாறு துறவேற்ற சில வாரங்களுக்குள் நரேந்திரர் உயர்நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நின்று, சொத்தைப் பற்றி எதிர்த்தரப்பு ஆங்கில வழக்கறிஞரின் குறுக்கு விசாரணைக்கு விடையளித்தார்! துறவிக்கு வீடு எதற்கு என்று விலகியிருந்தால் குறை கூறுவார் எவருமிலர். பாட்டனாரும் அவ்வாறே சென்றவர். இவரோ விதவைத் தாய்க்கும் சிறு தம்பியர்க்கும் தலைசாய்க்க இடம் உறுதியாகும்வரை நிற்பதே கடன் என்று முடிவு செய்தார். 1887 மார்ச்சில் தீர்ப்பு அன்னையாருக்குச் சாதகமாயிற்று. அதே ஆண்டில் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று.

தீர்ப்பு கிடைத்தது, அமைதி கிடைக்கவில்லை. பாகப் பிரச்சினைகள் புதிது புதிதாகக் கிளைத்தன. பாரத யாத்திரையிலும், பின்னர் உலகப் புகழின் உச்சியிலும் தாயின் நிலை சுவாமிகளின் நெஞ்சில் முள்ளாகவே இருந்தது. கேத்ரி மன்னர் அஜித் சிங் மாதந்தோறும் ரூபாய் 100 அனுப்பி அக்குடும்பத்தைத் தாங்கினார். தமக்குப் பின்னும் அன்னையாருக்கு அத்தொகை தொடர வேண்டுமென்று 1898இல் சுவாமிகள் மன்னரை வேண்டிக் கொண்டார். யாவற்றையும் துறந்தவர் தாய்க்காகக் கையேந்தினார். அந்தோ, அம்மன்னரும் 1901 ஜனவரியில் விபத்தில் உயிர்நீத்தார்.

இதற்கிடையே, சிற்றன்னை தரப்பிலிருந்து வீட்டுப் பாகத்தை ரூபாய் 6000 கொடுத்து அன்னைக்காகச் சுவாமிகள் வாங்கினார். பணம் பெற்றவர்கள் வீட்டை ஒப்படைக்கவில்லை. காவியுடுத்தவர் மீண்டும் நீதிமன்றப் படியேற நாணுவார் என்பது அவர்கள் கணக்கு. தொண்டுக்காக அன்பர்கள் அளித்த நிதியை இதில் கலவாதிருப்பதில் சுவாமிகள் மிகுந்த கவனம் கொண்டிருந்தார். அதை அமெரிக்க அன்பர்க்குக் கடிதத்திலும் தெளிவுபடுத்தினார். மறுபுறம் 1901ஆம் ஆண்டில் பேலூர் மடத்துச் சொத்துகளை அறங்காவல் பத்திரம் எழுதி சகோதரத் துறவிகளிடம் ஒப்படைத்தார். தாம் எழுப்பிய மடத்தில் தமக்கென ஒரு பிடி மண்ணும் வைத்துக் கொள்ளவில்லை. தாயின் வீட்டை மட்டும் விட்டுக் கொடுக்கவில்லை. கங்கைக் கரையில் சிறு வீடொன்றில் தாயுடன் இறுதிக் காலத்தைக் கழிக்கவும் அவர் ஆசைப்பட்டதுண்டு. அது நிறைவேறவில்லை. ஆயினும் 1901இல் நலிந்த உடலுடன் அன்னையாரைக் கிழக்கு வங்காளத்துக்கு அழைத்துச் சென்று பிரம்மபுத்திரா தீர்த்தத்திலும் காமாக்யா தலத்திலும் தரிசனம் செய்வித்தார்.

1902 ஜூன் இறுதியில், எஞ்சியிருந்த பிணக்குகள் உறவினருடன் சமரசமாக முடிந்தன. சில நாட்களில், ஜூலை 4ஆம் நாள் சுவாமிகள் தம் 39ஆம் வயதில் மகாசமாதி அடைந்தார். புவனேசுவரி தேவியார் 1911 வரை வாழ்ந்திருந்தார்.

காலப்போக்கில் அவ்வில்லம் பாழடைந்து, பல குடித்தனங்களும் கடைகளும் நெருங்கிய இடமாயிற்று. ராமகிருஷ்ண மிஷன் நெடுங்காலம் முயன்று அதனைப் பெற்றுச் செப்பனிட்டது. 2004ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதனை நினைவாலயமாகத் திறந்து வைத்தார். சுவாமிகள் அவதரித்த இடத்தில் இன்று சிவன் சந்நிதி ஒன்றும் உள்ளது. பிள்ளைவரம் வேண்டி அன்னையார் காசி வீரேசுவரரை வழிபட்டதன் பலனாகப் பிறந்தவரல்லவா அவர்!