ஞானசந்திர கோஷ்

திருவாமாத்தூரில் நெல் நடவு முடிந்த சில நாட்களில் யூரியா மூட்டைகள் வரப்புக்கு வந்துவிடும். அந்த வெண்ணிறக் குருணையைச் செய்ய அம்மோனியா வேண்டும். அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும். அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்று வேதியியல் வகுப்பில் கேட்டபோதுதான் சர் ஞானசந்திர கோஷ் என்னும் பெயரை நாங்கள் அறிந்தோம். சர் சி. வி. இராமனை அறிந்த நாம், அவருக்குப்பின் அதே பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநரான இவரை அறியாதிருந்தது வியப்பே.

கோஷ் 1894-இல் வங்காளத்தைச் சேர்ந்த புருலியாவில் பிறந்தார். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் மேகநாத சாஹாவும் சத்தியேந்திரநாத் போஸும் அவருடைய வகுப்புத் தோழர்கள். ஆசிரியர் பிரபுல்ல சந்திர ராய். இப்படி ஒரு வகுப்பறை அமைந்தால் யாருக்குத்தான் படிப்பு வராது!

உப்பு நீரில் கரையும்போது அதன் அயனிகள் முழுவதும் பிரிந்து, படிகத்தில் இருப்பதுபோல ஓர் ஒழுங்கில் நிற்கின்றன என்று 1918-இல் அவர் ஒரு கொள்கை வெளியிட்டார். ஐரோப்பிய அறிஞர்கள் அதைக் கவனித்தனர். ஆனால் 1923-இல் டிபை, ஹூக்கெல் என்னும் இருவர் அதைவிடப் பொருத்தமான கொள்கையை வெளியிட, கோஷின் கொள்கை பின்னுக்குப் போயிற்று. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தாலே நாங்கள் இரண்டு நாள் சாப்பிடமாட்டோம். அவரோ டாக்கா பல்கலைக்கழகத்தில் வேதியியல் துறையை அமைத்து, பாடமும் ஆராய்ச்சியுமாகப் பதினெட்டு ஆண்டுகள் உழைத்தார்.

1939-இல் பெங்களூருக்கு வந்தார். அவ்வாண்டே உலகப்போர் மூண்டது. பெட்ரோல் கிடைக்காமல், பேருந்துகளின் பின்னால் கரியடுப்பைக் கட்டி, அதன் வாயுவில் ஓட்டிய காலம் அது. நம் நாட்டில் எண்ணெய் குறைவு, நிலக்கரி மிகுதி. செந்தணலான கரியின்மேல் நீராவியைச் செலுத்தினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு கிடைக்கும். அதைக் கோபால்ட் போன்ற வினையூக்கியின்மேல் செலுத்தித் திரவ எரிபொருளாக்கும் முறையை 1925-இல் ஜெர்மனியில் பிஷரும் டிராப்ஷும் கண்டிருந்தனர். கோஷும் மாணவர்களும் அம்முறையை இங்கே ஆராய்ந்தனர். அது எளிய வேலையன்று. வாயுவில் கந்தகம் சிறிதளவு கலந்தாலும் வினையூக்கி கெட்டுவிடும்; சூடு மிகுந்தால் எரிபொருளுக்குப் பதில் வெறும் மீத்தேனே மிகுதியாக வரும். இரு வாயுக்களும் கோபால்ட்டின்மேல் தனித்தனியே எப்படி ஒட்டுகின்றன, சேர்ந்து எப்படி ஒட்டுகின்றன என்றுகூட அவர்கள் அளந்து பார்த்தனர்.

பிறகு வந்த பதவிகள் பல. அவற்றுள் எங்களுக்குப் பிடித்தது ஒன்றே. 1950-இல் காரக்பூர் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் இயக்குநரானார். விடுதலை வீரர்களை அடைத்துவைத்த ஹிஜ்லி சிறைக் கட்டடத்தில் அக்கல்லூரி தொடங்கிற்று.

1959 ஜனவரி 21-ஆம் நாள் கோஷ் காலமானார். அவ்வாண்டிலேயே சென்னையிலும் அத்தகைய கழகம் திறக்கப்பட்டது. பெங்களூரில் அவருடன் உழைத்த எம். வி. சி. சாஸ்திரி பின்னர் இங்கே பேராசிரியராகி, வினையூக்கிகளையும் ஹைட்ரஜனையும், அதை உலோகங்களுக்குள் சேமிக்கும் வழியையும் ஆராய்ந்தார்.

நம் உரத் தொழிற்சாலைகள் இன்று பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தே ஹைட்ரஜன் எடுக்கின்றன. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 9, 10 கிலோ கரியமிலவாயு வெளியேறுகிறது. நிலக்கரியானால் இன்னும் அதிகம். ஆகையால் வெயிலிலும் காற்றிலும் கிடைக்கும் மின்சாரத்தால் நீரைப் பிரித்து, 2030-க்குள் ஆண்டுக்கு 50 இலட்சம் டன் ஹைட்ரஜன் எடுக்க 2023-இல் மத்திய அரசு திட்டமிட்டது. தூய நீரில் மின்சாரம் எளிதில் பாயாது. எனவே இதற்கான பல தொட்டிகளில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைக் கரைக்கிறார்கள். அங்கே மின்சாரத்தைச் சுமந்து செல்பவை, கோஷ் தம் இருபத்து நான்காம் வயதில் ஆராய்ந்த அதே கரைந்த அயனிகள்தாம்.