எப்வொர்த் குருமனை அன்னையார்

மெதடிஸ்து இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லியாரையும், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஞானப்பாடல்களை இயற்றிய சார்லஸ் வெஸ்லியாரையும் அறியாத கிறிஸ்தவர் மிகச் சிலரே. அவர்தம் அன்னையாராகிய சூசன்னாவையோ, இத்தகையோரை ஈன்றவர் என்று போற்றி, அவ்வளவில் அமைந்துவிடுகின்றனர் பலர். அவ்வம்மையார் தம் இல்லத்தில் இருபதாண்டுகட்கு மேல் நடத்திய பள்ளியே என் உள்ளத்தைக் கவர்ந்தது.

சூசன்னா 1669ஆம் ஆண்டு இலண்டனில், ஆன்னெஸ்லி என்னும் குருவின் 25ஆம் மகவாகப் பிறந்தார். 1688இல் சாமுவேல் வெஸ்லியை மணந்தார். கணவர் லிங்கன்ஷயரைச் சார்ந்த எப்வொர்த் என்னும் சிற்றூரில் குருவாக அமர்ந்தார். அவர் கற்றவர், கவி பாடுபவர், கடன் வாங்குதலிலும் சளைக்காதவர். 1705இல் அக்கடன் பொருட்டே லிங்கன் கோட்டையில் சிறையிருந்தார். அம்மையார் ஈன்ற மக்கள் 19; எஞ்சினோர் பதின்மர்; அவருள் எழுவர் பெண்கள்.

கடைசி மகள் ஒருத்தி நீங்கலாக, ஐந்தாண்டு நிரம்புமுன் எம்மகவுக்கும் அவர் எழுத்தைக் காட்டுவதில்லை. நிரம்பியபின் ஒரு நாளைக் குறித்து, வீட்டிலுள்ளார்க்கெல்லாம் அவரவர் வேலையை முன்னரே வகுத்துவிட்டு, காலை 9 முதல் 12 வரையும், பிற்பகல் 2 முதல் 5 வரையும் அம்மகவுடனே அமர்வார். அவ்வொரு நாளில் நெடுங்கணக்கு முற்றுப்பெறும். இரு பெண்மக்களுக்கு மட்டும் ஒன்றரை நாள் சென்றதாம். அதனால் அவரை மந்தமதியினர் என்று அன்னையார் கருதினாராம்! மாதக்கணக்கில் மணலில் விரல் தேய்த்த நம்மனோரை என்னென்று கருதியிருப்பாரோ? எழுத்துக்குப் பின் ஆதியாகமத்தின் முதல் அதிகாரமே பாடம்.

ஒரே செய்தியை ஒரு பிள்ளைக்கு இருபது முறை அவர் சொல்லக் கேட்ட கணவர் வியந்து வினவியபோது, பத்தொன்பதோடு நிறுத்தியிருந்தால் அவ்வளவும் வீணாகியிருக்குமே என்று விடையளித்தனர்.

அவர் வகுத்த விதிகளுள் ஒன்றை நம் நாட்டுப் பெற்றோர் யாவரும் அறிதல் வேண்டும். பெண்மகவு நன்றாகப் படிக்கக் கற்குமுன் அதன் கையில் ஊசியும் நூலும் கொடுத்தலாகாது என்பது அது. பெண்கள் பலர் பிறர் கேட்கத் தக்கவாறு படிக்கவியலாமைக்கு, முந்தித் தையலில் ஏவப்படுதலே காரணம் எனக் கண்டார். இங்ஙனம் வளர்ந்த ஹெட்டி என்னும் மகள் எட்டாம் வயதிலேயே கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் படித்தாள்.

1709ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஓரிரவு குருமனை தீப்பற்றி எரிந்தது. நிறைசூலியாயிருந்த அம்மையார் முகமும் கையும் கருக வெளியேறினார். ஐந்து வயதுச் சிறுவன் ஜானைச் சாளரத்தின் வழியே அயலார் மீட்டனர். பிள்ளைகள் பல வீடுகளில் சிதறி வாழ்ந்து, இழிசொற்களும் தகாத பாட்டுக்களும் பழகி மீண்டனர். அன்னையார் முதலிலிருந்து தொடங்கினார். சங்கீதம் பாடித் தொடங்குதலும் சங்கீதம் பாடி முடித்தலும் அப்பொழுது ஏற்பட்ட வழக்கமே.

இதன்பின் நிகழ்ந்ததொன்று தமிழராகிய நமக்கு உவகை தருவது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு முதலியோரின் தொண்டைக் கூறும் நூலொன்றை, மூத்த மகள் எமிலி தந்தையின் நூலறையிற் கண்டு அன்னையார்க்குப் படித்துக் காட்டினாள். காவிரி கடலொடு கலக்கும் நாட்டின் செய்தி, பனி பெய்யும் எப்வொர்த்தில் ஒரு தாயின் நெஞ்சை உருக்கியது. அதுமுதல் மக்கள் ஒவ்வொருவரோடும் தனித்து உரையாட மாலைகளைப் பகுத்தார்; வியாழன் ஜானுக்கு, சனி சார்லஸுக்கு. 1712இன் தொடக்கத்தில், கணவர் இலண்டனிலிருந்தபோது, ஞாயிறு மாலைகளில் அவர் வீட்டில் நடத்திய வழிபாட்டுக்கு அயலார் இருநூற்றுவர் வரை திரண்டனர். துணைக்குரு முறையிடவே, கணவர் நிறுத்துமாறு எழுதினார். நிறுத்துக என்று தெளிவாய்க் கட்டளையிட்டு, அப்பொறுப்பை இறைவன்முன் அவரே ஏற்கட்டும் என்று மறுமொழி விடுத்தார் அம்மையார். கட்டளை வரவில்லை.

எனினும் அவர் கண்டிப்பை முற்றும் புகழ என் மனம் இசையவில்லை. ஓராண்டுக் குழவியும் பிரம்புக்கு அஞ்சி மெல்ல அழப் பழகிற்று. குழவியின் தன்விருப்பை முதற்கண் அடக்குதலே அவர் கொள்கை. 1725இல் ஹெட்டி தவறியபோது தந்தை மன்னித்திலர்; அன்னையாரும் உடனே அணைத்துக்கொண்டாரல்லர். கிரேக்கம் கற்ற அப்பெண் தன் கல்விக்குச் சிறிதும் ஒவ்வாத ஒருவனுக்கு மனைவியாகித் துயருற்றாள். அவள் எழுதிய துயரக் கவிதைகள் இன்றும் உள்ளன. அறிவைக் கொடுத்த அன்னையார், அவ்வறிவுடையாளுக்கு இடமும் கொடுத்திருக்கலாம்.

அவர்தம் கல்விமுறையை நாம் அறிவது, 1732இல் ஜான் வேண்ட எழுதிய கடிதத்தாலேயாம். 1735இல் கணவரை இழந்தபின் மக்களிடம் மாறிமாறி வாழ்ந்து, இறுதியில் இலண்டனில் ஜானின் பவுண்டரி இல்லத்தை அடைந்தார். 1742ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள், தம் உயிர் பிரிந்தவுடன் இறைவனைத் துதித்துச் சங்கீதம் பாடுமாறு முன்னரே பணித்திருந்தபடி, ஜானும் அவர்தம் சகோதரிகளும் படுக்கையைச் சூழ நின்று பாடினர்.