பீரங்கி சுட்ட பையன் மூளையின் மர்மத்தை உடைத்தான்!

பக்கத்து வீட்டுத் தோட்டக் கதவு படீரென்று சிதறியது. மரத்துண்டைக் குடைந்து பீரங்கி செய்து, மருந்து கெட்டித்துச் சுட்டவன் ஒரு சிறுவன். வயது 11. அவனைப் பிடித்துச் சில நாள் சிறையில் போட்டார்கள்.

மனித மூளை எப்படி அமைந்திருக்கிறது என்று பிற்காலத்தில் உலகத்துக்குக் காட்டியவர் அந்தப் பையன்தான். பெயர், சந்தியாகோ ராமோன் காஹால்.

இடுகாட்டில் பாடம்

1852-ம் ஆண்டு மே 1-ந்தேதி, ஸ்பெயின் நாட்டில் ஒரு மலைக் கிராமத்தில் காஹால் பிறந்தார். தந்தை வைத்தியர். மகனுக்கோ படிப்பு ஏறவில்லை. எந்நேரமும் படம் வரைவதுதான் வேலை. படம் வரைந்தால் வயிறு நிறையுமா என்று தந்தைக்குக் கோபம். முடி வெட்டும் கடையில் விட்டார். செருப்புத் தைக்கும் கடையிலும் விட்டார்.

பிறகு அவருக்கு ஒரு யுக்தி தோன்றியது. 1868-ல் மகனை இடுகாட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே கிடந்த எலும்புகளைக் காட்டிப் பாடம் சொன்னார். பையன் எலும்புகளைப் படமாக வரைந்தான். வரைய வரைய, வைத்தியப் படிப்பில் ஆசை வந்துவிட்டது! 1873-ல் டாக்டர் ஆனார். ராணுவ டாக்டராகக் கியூபா தீவுக்குப் போய், மலேரியாவில் விழுந்து, எலும்பும் தோலுமாகத் திரும்பினார்.

கறுப்புச் சாயம்

அந்தக் காலத்தில் மூளையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒன்றும் புரியாது. எல்லாம் ஒரே சிக்கல். இத்தாலி நாட்டு கோல்ஜி, 1873-ல் ஒரு வழி கண்டார். வெள்ளி உப்பு சேர்த்துச் சாயம் ஏற்றினால், சில அணுக்கள் மட்டும் கறுப்பாகத் தெரியும். ஆனால், மூளை முழுவதும் ஒன்றோடொன்று ஒட்டிய வலை என்றே கோல்ஜி நம்பினார்.

காஹால் 1887-ல் இந்தச் சாயத்தைப் பார்த்து அசந்து போனார். அவர் செய்த தந்திரம் இதுதான்: சிக்கிய நூலில் நுனி தேடுவது கஷ்டம். சிக்குவதற்கு முன்பே பார்த்தால்? முட்டைக்குள் வளரும் கோழிக் குஞ்சின் மூளையை எடுத்துச் சாயம் ஏற்றினார்.

உண்மை தெரிந்தது. ஒவ்வொரு நரம்பு அணுவும் தனித்தனி! மரம் போலக் கிளை விடுகிறது. அடுத்த அணுவின் பக்கத்தில் போகிறது, ஒட்டுவதில்லை.

1888-ல் சொந்தப் பணத்தில் ஒரு பத்திரிகை நடத்தி இதை வெளியிட்டார். பிள்ளைகுட்டிக்காரருக்கு அது பெரிய செலவு. அச்சிட்டது 60 பிரதிதான்.

1890-ல் இன்னொன்று கண்டார். வளரும் நரம்பின் நுனி கூம்பு போலப் புடைத்திருந்தது. அந்தக் கூம்புதான் குருடன் கைத்தடி போலத் தடவித் தடவி வழி தேடிப் போகிறது. கருவில் இருக்கும் குழந்தையின் மூளையும் இப்படித்தான் வளர்கிறது.

தவளை, பல்லி, எலி, மனிதன் ஆகியோரின் மூளை அணுக்களை வரிசையாக வரைந்தார். அணு ஒரே ஜாதிதான். தவளைக்குக் கிளைகள் கொஞ்சம், மனிதனுக்கு ஏராளம். பரிணாமத்தின் கதையை ஒரே படத்தில் காட்டிவிட்டார். சிறு வயதில் தந்தை வெறுத்த அதே ஓவியம்!

மேடையில் சண்டை

அவருடைய பத்திரிகையை வெளிநாட்டார் கவனிக்கவில்லை. 1889-ல் மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு பெர்லின் மாநாட்டுக்கே போனார். புகழ் பெற்ற முதிய விஞ்ஞானி கோலிக்கர் கண்ணாடியில் கண்ணை வைத்துப் பார்த்தார். அசந்துவிட்டார். காஹால் எழுதியதைப் படிப்பதற்காகவே ஸ்பானிய மொழியும் கற்றார்.

1906-ல் நோபல் பரிசு இருவருக்குப் பாதிப்பாதி கிடைத்தது. ஒருவர் காஹால், மற்றவர் கோல்ஜி! தம் நோபல் சொற்பொழிவிலேயே, காஹாலின் கொள்கை தவறு என்று கோல்ஜி பேசினார். காஹால் தம் சொற்பொழிவில், தாம் கண்டதைச் சொன்னார்.

1934 அக்டோபர் 17-ந்தேதி மாட்ரிட் நகரில் காஹால் இறந்தார். 1950-களில் நரம்பு அணுக்களை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு நரம்பு அணுக்களுக்கு நடுவே மிக நுண்ணிய இடைவெளி இருப்பதை விஞ்ஞானிகள் அதில் நேரிலேயே பார்த்தார்கள்.