கணக்கில் எழுதப்படாத செலவு

மார்கழி, தை மாதங்களில் தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி செல்லும் சாலையில் உள்ள வடுவூர் ஏரிக்கரைக்கு விடியற்காலையில் சென்றால், பறவைகளுக்கு இணையாகக் கேமராக்களையும் காணலாம். மேட்டூர்த் தண்ணீரும் வடகிழக்குப் பருவமழையும் நிரப்பிய நீர்ப்பரப்பில் கூழைக்கடாக்களும் அரிவாள் மூக்கன்களும் ஊசிவால் வாத்துகளும் நிறைந்திருக்கும். கரையில் பள்ளி ஆசிரியர், மருந்துக்கடைக்காரர், வங்கி ஊழியர் எனப் பலர் நீண்ட லென்சுகளுடன் காத்திருப்பார்கள். பணி ஓய்வுக்குப் பின் அக்கூட்டத்தில் நானும் ஒருவன். 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அந்த ஏரியின் கரையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் மா. கிருஷ்ணன்.

1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர் கிருஷ்ணன். தமிழ் நாவலின் முன்னோடிகளுள் ஒருவரான அ. மாதவையாவின் எட்டுக் குழந்தைகளில் கடைசியானவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக வாதாடிக்கொண்டிருந்த வேளையிலேயே 1925-இல் மாதவையா மறைந்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றபோது பேராசிரியர் பைசனுடன் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்ற பயணங்களே அவருக்கு உண்மையான கல்வியாக அமைந்தன. பின்னர் சட்டமும் படித்தார். பட்டங்கள் இருந்தும் நிலையான வேலை அமையவில்லை. அச்சகம், ஓவியப் பள்ளி, வானொலி என்று சில காலம் அலைந்தார். 1942-இல் இன்றைய கர்நாடகத்தில் உள்ள சந்தூர் சமஸ்தானத்தில் பணியில் சேர்ந்து, ஆசிரியராகவும் நீதிபதியாகவும் விளம்பர அதிகாரியாகவும் பொறுப்பு வகித்தார். அந்தச் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தபின் சென்னை திரும்பினார்.

அதன்பிறகு அவர் எவரிடமும் மாதச் சம்பளம் பெறவில்லை. பேனாவும் கேமராவும் மட்டுமே அவருக்கு வருவாய். 1950-இல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் அவர் தொடங்கிய இயற்கைப் பத்தி நாற்பத்தாறு ஆண்டுகள் தொடர்ந்தது. 1996 பிப்ரவரி 18 அன்று அவர் மறைந்த நாளில்கூட அது வெளிவந்திருந்தது. தமிழிலும் இதழ்களில் எழுதினார். பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியத்திற்கும் கட்டுரைகள் அளித்தார். சங்கப் பாடல்களில் வரும் விலங்குகளையும் பறவைகளையும் களத்தில் கண்டவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் புலமை அவருக்கு இருந்தது.

அவருடைய கேமராவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்டது அது. அதன் பருமனைக் கேலிசெய்து 'சூப்பர் பாண்டரோசா' என்று அதற்குப் பெயரிட்டிருந்தார். இறுதிவரை கறுப்பு வெள்ளையில்தான் படமெடுத்தார். கால்நடையாகவும் யானைமீது அமர்ந்தும் காடுகளில் அலைந்தார். அவர் படங்களில் விலங்கோ பறவையோ தனியே வெட்டி எடுத்ததுபோல் நிற்பதில்லை; அது வாழும் புதரும் புல்லும் நீரும் உடன் நிற்கும். உயிரினத்தை அதன் இடத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பது அவர் கொள்கை. நகரத் தெருக்களிலும் பூங்காக்களிலும் அயல்நாட்டு மரங்களை நடுவதை அவர் எதிர்த்ததற்கும் அக்கொள்கையே அடிப்படை.

வேடந்தாங்கல் நீர்ப்பறவைகளைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரமாகும் என்பதை அவ்வூர் உழவர்கள் தலைமுறைகளாக அறிந்திருந்தார்கள். அதனால் வேட்டைக்காரர்களை ஊருக்குள் விடவில்லை. பொருளியல் கற்பித்த எனக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடைத்ததில்லை. ஒருவர் ஈட்டும் பயனுக்கான விலையை, அந்தப் பேரத்தில் பங்கில்லாத வேறொருவர் செலுத்த நேர்வதைப் பொருளியலில் புறவிளைவு என்போம். வகுப்பறையில் முப்பது ஆண்டுகள் அதை விளக்கிய நான், வயலில் அதை மறந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதம். குறுவைக்கு இன்னும் தண்ணீர் வராத தரிசு வயலில், ஆட்காட்டிக் குருவி நான்கு முட்டைகள் இட்டிருந்தது. முட்டைகள் மண்ணோடு மண்ணாகத் தெரிந்தன. படம் தெளிவாக வரவேண்டும் என்று அருகிலிருந்த புல் கொத்தொன்றையும் இரண்டு மண்கட்டிகளையும் அப்புறப்படுத்தினேன். பறவை தலைக்குமேல் கத்திக்கொண்டே வட்டமிட்டது. முற்பகல் வெயிலில் அரைமணி நேரத்திற்கும் மேலாக நான் அங்கேயே அமர்ந்திருந்தேன். அது ஒருமுறை இறங்கியபோது எடுத்த படம் நன்றாகவே வந்தது, நண்பர்கள் பாராட்டினார்கள். மறுநாள் காலை சென்றபோது முட்டைகள் இல்லை. வரப்பில் இரண்டு காகங்கள் நின்றிருந்தன. என் கண்ணுக்கு நான் திறந்துவிட்ட வழி அவற்றின் கண்ணுக்கும் திறந்திருந்தது.

கொளுத்தும் வெயிலில் ஆட்காட்டி தன் வயிற்று இறகுகளை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும் என்பதைப் பிறகுதான் படித்து அறிந்தேன். அந்த அரைமணி நேரத்தில் நான் தடுத்து நிறுத்தியது எதை என்பது அப்போது புரிந்தது. அந்தப் படத்தை இப்போது எவருக்கும் காட்டுவதில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை. அது என் கணக்கில் நிற்கும் கடன்.

பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் சேதப்படுத்துவதையும் கலைப்பதையும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. கூட்டில் எடுத்த படங்களை ஏற்காத புகைப்படப் போட்டிகளும் உண்டு. எனினும் சட்டமும் போட்டி விதியும் தரிசு வயல்வரை வந்து காவல் நிற்கப்போவதில்லை. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பவரையும், கூடிருக்கும் இடத்தைக் கைப்பேசியில் பத்துப் பேருக்கு அனுப்புபவரையும் தடுக்க வேண்டியது அவரவர் மனம்தான்.

படமெடுப்பதே தவறென்று நான் சொல்லவில்லை. டெல்டாவின் ஏரிகளிலும் வயல்களிலும் என்னென்ன பறவைகள் எந்தப் பருவத்தில் வருகின்றன என்பதற்கு உள்ளூர் ஆர்வலர்களின் படங்கள் நல்ல சான்றுகள். நாளை ஓர் ஏரி தூர்ந்துபோனால் அதில் என்ன இருந்தது என்று சொல்ல அவை உதவும். ஆனால் அந்தச் சான்றுக்கான செலவு நம்முடையதாக இருக்க வேண்டும்; நம் நேரம், நம் கால்வலி, நாம் இழக்கும் நல்ல படங்கள். கிருஷ்ணன் தம் செலவைத் தாமே ஏற்றார். நிலையான வருவாயைத் துறந்து, சுமையான கருவியைத் தூக்கி, பல்லாண்டுகள் காத்திருந்தார்.

இந்தச் சித்திரையிலும் அதே தரிசில் ஆட்காட்டி கத்துவதைக் கேட்டேன். கேமராவைப் பையிலிருந்து எடுக்காமல், வரப்பைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக வீடு திரும்பினேன்.