ஓடி ஜெயித்த தண்ணீர்க்காரர்

1896-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந்தேதி. பிற்பகல் சுமார் 2 மணி.

கிரேக்க நாட்டின் கிழக்குக் கடற்கரையை ஒட்டியது மாரத்தான் என்ற ஊர். அங்கே 17 பேர் ஓடுவதற்குத் தயாராக நின்றார்கள். 40 கிலோமீட்டர் ஓடி ஏதென்ஸ் நகரத்தை அடைய வேண்டும். முதல் நவீன ஒலிம்பிக் பந்தயத்தின் முக்கியமான போட்டி அது.

அந்த 17 பேரில் ஒருவர் ஸ்பிரிடான் லூயிஸ். வயது 23. மாரூசி என்ற கிராமத்து ஏழை. ஏதென்சில் அப்போது நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு. லூயிசின் தகப்பனார் ஊரிலிருந்து தண்ணீர் கொண்டுபோய் நகரத்தில் விற்பார். மகனுக்கும் அதே வேலைதான். கோவேறு கழுதையின் மேல் தண்ணீரை ஏற்றி, கூடவே இவர் நடப்பார். பத்து கிலோமீட்டருக்கு மேல் தினந்தோறும் நடை! அதைவிட நல்ல பயிற்சி வேறு என்ன வேண்டும்?

ஆனாலும் தேர்வு ஓட்டத்தில் இவர் ஐந்தாவதாகத்தான் வந்தார். இவரை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

தலைகுனிவு

கிரேக்கர்களுக்கு அன்று பெரிய மனக்குறை. ஓட்டத்திலும் தாண்டுவதிலும் அதுவரை அவர்கள் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. தங்களுக்கே உரியது என்று நம்பிய வட்டு எறிதலில்கூட ஓர் அமெரிக்கர் ஜெயித்துவிட்டார். மிச்சம் இருந்தது இந்த நெடுந்தூர ஓட்டம்தான்.

பாதை முதலில் கடலோரச் சமவெளியில் போகும். பிறகு மேடு. வெகு தூரத்துக்கு மேடுதான்.

தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் லெர்மூசியோ முன்னால் பறந்தார். லூயிஸ் அவசரப்படவில்லை. வழியில் பிக்கெர்மி கிராமத்தில் நின்று ஒரு கோப்பை திராட்சை மது குடித்தார் என்றும், முன்னால் போகிறவர்களைப் பிடித்துவிடுவேன் என்று சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு.

மேடு தன் வேலையைக் காட்டியது. 32-வது கிலோமீட்டரில் பிரெஞ்சுக்காரர் விலகினார். அடுத்து முந்தியவர் ஆஸ்திரேலிய வீரர் எட்வின் பிளாக். 800 மீட்டர், 1,500 மீட்டர் இரண்டிலும் ஜெயித்தவர். ஆனால் இவ்வளவு நீண்ட ஓட்டம் அவருக்குப் பழக்கமில்லை. லூயிஸ் எட்டிப் பிடித்தார், தாண்டினார். ஏதென்சை நெருங்கும்போது பிளாக் தள்ளாடி விழுந்தார்.

மைதானத்தில் கூட்டம் சோர்ந்துபோய் இருந்தது. ஆஸ்திரேலியர் முந்துகிறார் என்றே அதுவரை தகவல். திடீரென்று செய்தி மாறியது. வருகிறவர் கிரேக்கர்!

புழுதி படிந்த உடம்போடு லூயிஸ் உள்ளே வந்தார். ராஜகுமாரர்கள் இருவர் கீழே இறங்கி அவரோடு கூடவே ஓடினார்கள். ஓடிய நேரம் 2 மணி 58 நிமிஷம் 50 விநாடி.

என்ன கேட்டார்?

பரிசுகள் குவிந்தன. என்ன வேண்டும் என்று மன்னர் கேட்டாராம். தண்ணீர் ஏற்ற ஒரு கழுதை வண்டி போதும் என்றாராம் லூயிஸ். பிறகு அவர் எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. விவசாயம் பார்த்தார். உள்ளூரில் போலீஸ் வேலையும் பார்த்தார்.

துன்பமும் வந்தது. ராணுவப் பத்திரங்களைத் திருத்தியதாக 1926-ல் கைதானார். ஒரு வருஷத்துக்கு மேல் சிறையில் கிடந்தார். முடிவில் குற்றமற்றவர் என்று விடுதலை ஆனார். போன நாட்களை யார் திருப்பிக் கொடுப்பது?

1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கிற்கு விருந்தாளியாகப் போனார். ஹிட்லர் கையில் ஆலிவ் கிளையைக் கொடுத்தார். அது சமாதானச் சின்னம்! 1940 மார்ச்சில் லூயிஸ் இறந்தார். அடுத்த ஆண்டு ஹிட்லரின் படை ஏதென்சில் புகுந்தது.

2004 ஒலிம்பிக் நடந்த பெரிய மைதானம் மாரூசியில் இருக்கிறது. அதற்கு இவர் பெயர்தான். கிரேக்கர்கள் பேச்சிலும் இவர் இருக்கிறார். ஒருவன் ஓட்டம் பிடித்து மறைந்தால், அவன் லூயிஸ் ஆகிவிட்டான் என்பார்கள்.